கடைசி உருப்படி

படித்துவிட்டீர்கள், இல்லையா? பரவாயில்லை அம்மா. படிப்பதற்காகத்தான் எழுதுவது. எழுத்துப் புரியாத லேபிளோடு வந்த மூட்டையை முப்பத்தோரு வருஷப் பார்சல் ஆபீஸ் வேலையில் ஒருநாள்கூட நான் வாங்கி வைத்ததில்லை.

என் மணிக்கட்டில் இருப்பதை முதலில் கோயில் கயிறு என்று நினைத்திருப்பீர்கள். கோயில் கயிற்றில் அட்டை தொங்காது. இது சணல். அனுப்பும் இடம், தச்சநல்லூர் வீடு. சேரும் இடம், சமாதானபுரம், நாலாம் நம்பர் அறை. உருப்படி எண் இருநூற்றுப் பன்னிரண்டு. பொருள், வடிவம்மாள். ஆமாம், வடிவம்மாள் நான்தான். கூடை காலியாகத்தான் இருக்கிறது, எட்டிப் பார்க்க வேண்டாம். பத்து மாசமாகக் கூடையோடு போய்ப் பழகிவிட்டது. வெறும் கையோடு பஸ் ஏறினால் செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது.

நல்லவேளை, ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தீர்கள். பெண்கள் பக்கம் இன்றைக்கு ஓர் இடம்கூட இல்லை. நான் வழக்கமாக மூன்று மணி பஸ்ஸில் போகிறவள். அதில் காலை நீட்டிக்கொண்டு போகலாம். இந்தக் காலை பஸ் எனக்குப் புதிது. இன்றைக்குக் கடைசி நாள் என்பதால் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினேன். தூக்குச்சட்டியை இப்படி மடியில் சாய்க்காதீர்கள், ரசம் கொட்டும். ஆஸ்பத்திரிக்கா? வீட்டுக்காரருக்கா? அவர் கேட்டாரா, நீங்களாகக் கொண்டுபோகிறீர்களா? கேட்டாரா. கொடுத்துவைத்தவர் நீங்கள்.

நான் வீட்டை விட்டுப் போகிறேன். அதுதான் விஷயம். முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், சண்டை இல்லை, அடி உதை இல்லை, குடி இல்லை. எங்கள் வீட்டில் சத்தமே கிடையாது. அதுதான் குறை.

எங்கள் வீட்டுக்காரர் நூல் மில்லில் இருந்தவர். முப்பது வருஷம். மில்லுக்குள்ளே ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காதாம், எல்லாம் கை ஜாடைதான். மில்லை விட்டு வெளியே வந்த பிறகும் அவர் பேச்சைக் கையோடு கொண்டுவரவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை எடுத்துவைப்பார். போதுமென்றால் கையால் தட்டை மறைப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், நான் பார்சல் முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். இரண்டு சுற்று, உள்ளே ஒரு வளையம், இழுத்தால் இரும்பு. இதோ என் மணிக்கட்டில் இருக்கிறதே, இதே முடிச்சு. ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நானே போட்டேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இத அவுக்க முடியாதோ?" என்று கேட்டார். முடியாது, அறுக்கத்தான் வேண்டும் என்றேன். "மில்லுக்காரன் அவுக்க முடியாத முடிச்சுன்னு ஒண்ணு கிடையாது, பாத்துக்கோ" என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் குடும்ப வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான். நானும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது.

நான் ரிட்டையர் ஆன அன்றைய கதைக்கு வருகிறேன். பார்சல் ஆபீஸில் மாலை போட்டார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். வட்டமானது, அடியில் மஞ்சள் பெயின்டில் என் பெயர் எழுதியது. கழுத்தில் மாலை, கையில் கடிகாரம், பின்னால் ஆட்டோக்காரர் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இவர் வாசல் கதவைத் திறந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என்ன கேட்டார் தெரியுமா?

"மணி என்ன?"

கையில் கடிகாரத்தோடு நிற்கிறேன் அம்மா.

நான் சொன்னேன், ஆறே கால். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டோக்காரரைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி இந்த வீட்டில் இல்லை என்று. ஆனால் வீட்டை விட்டுப் போவது என்றால் எவ்வளவு பெரிய காரியம்! அதை நினைத்தாலே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று வருஷம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்கு ஓர் ஆள் பேச வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், பங்குனி வெயிலில் பாவம். வாழ்க்கையில் சாதிப்பது எப்படி என்று தலைப்பு. எங்களில் பாதிப் பேருக்கு மூட்டு வலி. இருந்தாலும் நன்றாகத்தான் பேசினார். எந்தப் பெரிய இலக்கையும் துண்டு துண்டாக வெட்டுங்கள், ஒரு துண்டைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரவேண்டும், அவ்வளவு சின்னதாக வெட்டுங்கள், தினம் ஒரு துண்டு என்றார். கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னார். நான் எழுந்து, வீட்டை விட்டுப் போவதற்கும் இது பொருந்துமா என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "எந்த இலக்கானாலும் பொருந்தும்மா" என்று சொல்லிவிட்டார். கூட்டத்தில் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து வெட்ட ஆரம்பித்தேன். முதல் துண்டு, ஒயர் கூடையை ஆணியிலிருந்து எடுப்பது. இரண்டாவது துண்டு, அதைத் திரும்ப ஆணியில் மாட்டுவது. சிரிக்கிறீர்கள், பார்த்தீர்களா? சிரிப்பு வரவேண்டும், அதுதான் முறை. முதல் வாரம் எடுத்து எடுத்து மாட்டினேன். அடுத்த வாரம் கூடையோடு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பினேன். அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் ஏறி ஜங்ஷனில் இறங்கித் திரும்பினேன். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் காசு இல்லை என்று ஆன பிறகு இந்த மாதிரி முயற்சிக்கெல்லாம் எவ்வளவு வசதி. நான்காவது வாரம் சமாதானபுரத்தில் அறை பார்த்தேன். ரோஸ்லின் டீச்சர் வீட்டுப் பின்கட்டு. கிழக்கே ஜன்னல், முருங்கை மரம். டீச்சர் தையல் வகுப்பு நடத்துகிறவள், நல்ல மாதிரி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஐந்தாவது வாரம் உருப்படி நம்பர் ஒன்று போயிற்று. கடிகாரம். அதைத்தான் முதலில் எடுத்தேன்.

அன்றைக்கே எனக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். நான் அநியாயக்காரி இல்லை அம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் "எங்கே?" என்று கேட்கட்டும். கடிகாரம் எங்கே, கரண்டி எங்கே, எதுவானாலும் சரி. கேட்ட அந்த நிமிஷமே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இருந்துவிடுவேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் வட்டமாக வெள்ளைத் தடம் இருந்தது. அதையும் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சரி, நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னுடைய சாமான் மட்டும் என்றால் இரண்டு மாசத்தில் முடிந்திருக்கும். ஆனால் எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. ஒரே சரக்காக எழுதினதைப் பிரிக்கக் கூடாது. ஐம்பது மூட்டை என்றால் ஐம்பதும் ஓரிடத்தில் இருக்கவேண்டும். நாற்பத்தொன்பது அங்கே, ஒன்று இங்கே என்றால் பொறுப்பான கிளார்க்குக்கு மெமோ. என் கையால் ஒரு சரக்கும் பிரிந்ததில்லை. இப்போது பாருங்கள், டம்ளர் ஆறு ஒரு செட். என்னுடையது என்று ஒன்றை மட்டும் எப்படி எடுப்பது? ஆறையும் எடுத்தேன். என் தலையணை என்றால் ஜோடித் தலையணை. அவருடைய சாய்வு நாற்காலித் துணி என் பழைய புடவையில் தைத்தது, அது என்னுடையது, துணி போனால் கட்டை எதற்கு? ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டுபோனேன். அவர் சவரக் கிண்ணம் என் அம்மா கொடுத்த சீர்வரிசைப் பாத்திரம். யோசித்துப் பார்த்தால், நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த சாமானில் எது என்னுடையது, எது அவருடையது என்று எந்தக் கிளார்க்காலும் பிரித்து எழுத முடியாது. ஆக மொத்தம் இருநூற்றுப் பதினொன்று.

எல்லாம் பரம ரகசியம். சங்கத்தில் சொன்னேன், கீரைக்காரியிடம் சொன்னேன், ரோஸ்லின் டீச்சருக்குத் தெரியும், மற்றபடி ஈ காக்கைக்குத் தெரியாது. ராத்திரியே மறுநாள் உருப்படிக்கு லேபிள் எழுதி முடிச்சுப் போட்டு, மை காய அடுப்பு மேடையில் வைத்துவிடுவேன். அனுப்பும் இடம், சேரும் இடம், அறை நம்பர், டீச்சர் வீட்டு அடையாளம், எல்லாம் கொட்டை எழுத்தில். முகவரி இல்லாமல் ஒரு சாமானை வாசல் தாண்டவிட என்னால் முடியாது. அறைச் சாவி இரண்டு கொடுத்தார்கள். ஒன்று என் பர்ஸில். இன்னொன்றைப் பின்கதவு ஆணியில் மற்றச் சாவிகளோடு மாட்டி, அதற்கும் ஒரு லேபிள் போட்டேன். லேபிள் இல்லாத சாவி தொலைந்த சாவிதானே. இவ்வளவு நடந்தும் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவர் கவனம் அப்படி.

பெஞ்சு விஷயத்தைக் கேளுங்கள். முன்னறையில் மரப் பெஞ்சு. அது கூடைக்குள் போகாது. பெரியதைத் துண்டு போடு என்பதுதானே பாடம்? திங்கட்கிழமை ஒரு காலைக் கழற்றினேன். வியாழக்கிழமை இன்னொன்று. இரண்டு கால் பெஞ்சைச் சுவரோடு சாய்த்து வைத்தேன். அவர் வந்தார், பேப்பரை விரித்தார், அதன் மேல் உட்கார்ந்தார். சறுக்கினார். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அப்படியே சறுக்கினபடியே முழுப் பேப்பரையும் படித்தார். "பெஞ்சுக்குக் கால் எங்கே?" கேட்டாரா? எந்த மனிதனும் கேட்டிருப்பான். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று காத்துக்கொண்டே இருந்தேன். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

அதைவிட அநியாயம் ஒன்று நடந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்க்கிறேன், பெஞ்சு நான்கு காலில் நிற்கிறது! தச்சனைக் கூப்பிட்டுப் புதிதாக இரண்டு கால் போட்டிருக்கிறார். பழைய கால் மாதிரியே, சுத்தியல் பட்ட காயம்கூட அதே இடத்தில். அவ்வளவு தூரம் போகத் தெரிகிறது, ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

அதிலிருந்து இதே கதைதான். நான் வடிதட்டைக் கொண்டுபோவேன், அடுத்த வாரம் புது வடிதட்டு இருக்கும். அதே நெளிவோடு. இந்தக் காலத்தில் கடைகளில் எப்படித்தான் செய்கிறார்களோ. தலையணை போனால் தலையணை. டம்ளர் போனால் டம்ளர், ஆறு. என் அம்மா பெயர் வெட்டின கிண்ணம் போயிற்று, அதே மாதிரி இன்னொன்று. பெயரைக்கூட வெட்டி வாங்கி வந்திருக்கிறார் என்றால் எவ்வளவு பிடிவாதம் பாருங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? வாங்குகிற நேரத்தில் கேட்டுவிட்டுப் போகலாமே. செலவு மிச்சம்.

சரி, வீட்டில் சாமான் குறையவில்லை. அறையிலாவது சேர்ந்ததா என்றால் அங்கே வேறு தொல்லை. அங்கே திருட்டு. திங்கட்கிழமை நான் வைத்துவிட்டு வந்த கரண்டி வெள்ளிக்கிழமை இருக்காது. ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது, பூட்டுப் பூட்டினபடி இருக்கிறது, சாமான் மட்டும் போகிறது. ரோஸ்லின் டீச்சரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும். ஜாடையாகக் கேட்டேன். டீச்சர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள், "ஒரு அண்ணாச்சி வாராவள்லா, காலையில பத்து மணி போல. ஏணி கணக்கா ஒல்லியா இருப்பாவ. சாவி போட்டுத் திறந்துதான் போறாவ. தரையில உக்காந்து என்னத்தையோ குனிஞ்சு நோண்டிக்கிட்டே இருப்பாவ. போகும்போது அந்த முருங்கைக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டுப் போவாவ. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுன்னுல்லா நினைச்சேன், எக்கா?"

எனக்குத் தெரிந்த ஆள் யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் இல்லை. குழாய் பார்க்க வருகிற ஆளாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீங்கள் இப்போது பார்க்கிறீர்களே, அதே மாதிரி.

அந்தக் குழாய் ஆள் ஒரு குப்பைக்காரன் வேறு. ஜன்னல் விளிம்பில் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து மடித்து அடுக்கியிருப்பான். எங்கள் வீட்டு மனிதரும் அப்படித்தான், டிக்கெட்டை நாலாக மடித்து வாட்ச் பட்டைக்குள் செருகுவார். ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வார்ப்பு. ஒன்றே ஒன்று மட்டும் நல்ல காரியம், அந்த ஆள் சணலை வீணாக்கவில்லை. ஜன்னல் மூலையில் சணல் சுற்றி வைத்திருந்தான். பந்தாக இல்லை, ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து, குறுக்கும் நெடுக்குமாக, மில்லில் நூல் சுற்றுவார்களே அந்த மாதிரி. முன்பு மில்லில் இருந்த ஆளோ என்னவோ. துண்டு துண்டான சணல், ஆனால் நுனி எதுவும் கத்தி பட்டதாக இல்லை. எனக்கு வசதியாகப் போயிற்று. அதிலிருந்தே உருவி உருவி அடுத்த லேபிள்களைக் கட்டினேன். எவ்வளவு உருவினாலும் அடுத்த வாரம் அது பழையபடி பெருத்திருக்கும்.

அவரா? அவர் காலையில் நூலகத்துக்குப் போவார். ஒன்பது மணிக்குப் போனால் பன்னிரண்டு மணிக்கு வருவார். வீட்டிலேயே பேப்பர் வருகிறது, அது போதாமல் அங்கேயும். போகும்போது மடியில் மடித்த மஞ்சள் பை, வரும்போது கையில் தொங்குகிற மஞ்சள் பை. நூலகத்துக்கு எதற்குப் பை, ஏன் இவ்வளவு நேரம், எங்கே போய் வருகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

நேற்று அறைக்குப் போனேன். பெருக்கிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. நல்ல காற்றோட்டம். பத்து மாசம் நான் சுமந்ததில் ஒன்றுகூட இல்லை. சுவரில் கடிகாரம் மட்டும், உருப்படி நம்பர் ஒன்று, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் அந்தத் திருடன் தொடவே இல்லை, லேபிளும் முடிச்சும் அப்படியே இருந்தன. கடிகாரத்துக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்தேன். அங்கே சிமென்ட் மட்டும் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது, யாரோ தினம் உட்காருகிற இடம் மாதிரி. எனக்கு என்னவோ செய்தது. வயசாகிவிட்டது என்று முதன்முதலாகத் தோன்றியது.

அப்போதுதான் புரிந்தது, நான் செய்த தப்பு. சாமானைத் துண்டு போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தேன், போகவேண்டிய முக்கியமான சரக்கைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. ராத்திரி ஒரு லேபிள் எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. வழக்கம்போல அடுப்பு மேடையில் காய வைத்தேன். அவர் தண்ணீர் குடிக்க வந்தார். நான் பாயில் படுத்துக்கொண்டு பார்த்தேன். அந்த அட்டையைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். நான்கு வரிதான் எழுதியிருக்கிறது, அதைப் படிக்க இவ்வளவு நேரமா? கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அந்த மில்லுக்கே கேட்டிருக்கும். அட்டையைத் திரும்ப வைத்தார். வைத்துவிட்டு, மை ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். போய்ப் படுத்துவிட்டார்.

காலையில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பாகவே நூலகத்துக்குப் போய்விட்டார். நூலகம் அந்நேரம் திறக்கவே திறக்காது. போகிறேன் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இதைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏன் நின்றுவிட்டது? ஓ, பாலம் வந்துவிட்டதா. எதிரே வருகிற டிரைவரோடு பேச நிறுத்தியிருக்கிறார். இவர்களுக்கு இதே வேலை, ஜன்னலும் ஜன்னலும் உரசுகிற மாதிரி நிறுத்திக்கொண்டு, "ஏ, சாய்ந்திரம் டூட்டி மாத்திக்கிடுதியா?" என்று. கண்டக்டர் விசில் ஊதி ஊதி வாய் வலிக்கும். அந்த பஸ்ஸிலும் என்ன கூட்டம், பாருங்கள், பாளையங்கோட்டையிலிருந்து வருகிறது.

அம்மா.

அந்த மூன்றாவது ஜன்னல். வெள்ளைச் சட்டை. உங்கள் கண் நல்ல கண், சொல்லுங்கள். மடியில் மஞ்சள் பை. பைக்கு மேலே வட்டமாக என்ன வைத்திருக்கிறார்? அடியில் மஞ்சள் பெயின்டில் எழுதியிருக்கிறதா? என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள்.

ஆமாம். என் பெயர்தான்.

அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

கூப்பிடவேண்டாம், கூப்பிடவேண்டாம். அவருக்குக் கேட்காது. எங்கே நிமிர்ந்து பார்க்கிறார்? குனிந்து என்ன செய்கிறார், பாருங்கள், நாக்கைக் கடித்துக்கொண்டு. முடிச்சு. உருப்படி நம்பர் ஒன்றின் முடிச்சு. நகத்தை உள்ளே விட்டு வளையத்தை நிமிண்டுகிறார். பஸ் குலுங்குகிறது. ஒரு பிளேடு வாங்கினால் ஒரு நொடி. அறுக்க மாட்டார். இருநூற்றுப் பதினொரு முடிச்சு அம்மா, என் கை முடிச்சு, ஒன்றையும் அறுக்கவில்லை. அந்தத் தரையில் உட்கார்ந்துகொண்டு.

கேட்டாரா? இன்றைக்கும் கேட்கவில்லை, பார்த்தீர்களா? அந்த பஸ் கிளம்பிவிட்டது, போய்விட்டது. ஒரு தடவை நிமிர்ந்திருக்கலாம்.

கண்டக்டர் தம்பி, விசிலை அடிக்காதே, நான் இறங்கவேண்டும். டிக்கெட் சமாதானபுரத்துக்கு, தெரியும், இலவச டிக்கெட்தானே, உனக்கு என்ன நஷ்டம்? "ஆச்சி, ஸ்டாப் இல்லாத இடத்துல இறக்க முடியாது" என்கிறான். வண்டி ஸ்டாப் இல்லாத இடத்தில் நின்று பேசலாம், ஆச்சி இறங்கக் கூடாதா?

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் அம்மா. மனசு மாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. இது விதி. இருநூற்றுப் பதினொன்று இப்போது தச்சநல்லூர் போய்ச் சேரப்போகிறது. ஒன்று மட்டும் இங்கே பாலத்தில் நிற்கிறது. சரக்கைப் பிரிக்கக் கூடாது. மெமோ வரும்.

கூடையை அப்படிக் கொடுங்கள். என்ன, லேபிளை அவிழ்த்துவிடவா? உங்களால் முடியாது. வேண்டாம், கத்தரிக்கோல் எதுவும் தேடாதீர்கள்.

இது இப்படியே இருக்கட்டும். இதற்கு ஆள் இருக்கிறது.